பின்னாடி நின்னு பாக்க ஒரு ஆள்

எனக்குக் கோவம் சாஸ்தி. இதை நானே முதல்ல சொல்லிட்டா, அப்புறம் சொல்ல வர்றவுகளுக்கு வேலை மிச்சம். வாடகைக் கார் ஓட்டிக்கிட்டு, மோட்டார் இன்ஸ்பெக்டர்கிட்டயே கோவத்தக் காமிச்ச ஆள் மதுரையில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அது உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். கார் வச்சிருந்தவுக பாதிப் பேரு வண்டியச் செங்கல்லு மேல தூக்கி நிறுத்திட்டு வேற பொழப்பப் பாக்கப் போயிட்டாக. நான் விடல. என் வண்டிய முதல்ல ஒரு வக்கீல் ஓட்டித் தேய்ச்சாரு, அவர்கிட்ட இருந்து ஒரு மிராசுதார் வாங்கித் தேய்ச்சாரு, மூணாவதா எங்கிட்ட வந்துச்சு. மழை பேஞ்சா ஒழுகும், வெயிலடிச்சா உள்ள சீட்டு நாறும். ஆனா முன்னாடி ஹாண்டிலச் சொருகிச் சுத்துனா மூணாவது சுத்துல கெளம்பிரும். அந்த ஒண்ணுக்காகவே அதுமேல எனக்கு ஒரு மரியாதை.

ஆயுத பூசை முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். வைகைப் பாலத்துக்கிட்ட இன்ஸ்பெக்டர் கையக் காட்டி நிறுத்துனாரு. ஊர்ல அவருக்கு பிரேக் இன்ஸ்பெக்டர்னு பேரு. வண்டிக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டு, "பிரேக்க மிதி"ன்னாரு. மிதிச்சேன். "மிதிய்யா." மிதிச்சுக்கிட்டுத்தான் சார் இருக்கேன்னேன். "ஸ்டாப் லைட் எரியலயே?"

"எரியும் சார். நல்லாப் பாருங்க."

"நீயே வந்து பாரு."

இறங்கி விறுவிறுன்னு பின்னாடி போனேன். எரியல. எப்படி எரியும்? கால எடுத்துட்டுல்ல இறங்கி வந்திருக்கேன்! பாலத்துல நின்னவன், போனவன், துணி துவைக்கப் போனவன் எல்லாம் சிரிக்கிறான். இன்ஸ்பெக்டரும் சிரிச்சாரு. அந்தச் சிரிப்போட நானும் ஒரு சிரிப்பு சிரிச்சிருந்தா, போய்யா போயி சரி பண்ணுன்னு விட்டிருப்பாரு, நல்ல மனுசன்தான். நான் என்ன சொன்னேன்? "உங்களுக்குக் கண்ணுல கோளாறுன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க சார்"னேன். அம்புட்டுத்தான். பேனாவ எடுத்துட்டாரு. லைட் எரியாம வண்டி ரோட்டுல இறங்கக் கூடாது, பதினஞ்சு நாளைக்குள்ள சரி பண்ணிக் கொண்டாந்து காட்டணும், இல்லன்னா லைசென்ஸ் போயிரும்னு எழுதிக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

வண்டிய வீட்டுக்குக் கொண்டாந்து கொட்டாயில விட்டேன். வீடு காளவாசல்ல. இன்னைக்கு அங்க ரோட்டக் கடக்கவே முடியல. அப்ப அது ஊருக்கு வெளிய. செங்கச் சூளை நாலஞ்சு, பனைமரம், பொட்டக்காடு, தள்ளித் தள்ளி நாலு வீடு. அந்த நாலு வீட்டுல மூணு வீட்டோட எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. ஒருத்தன் எங்கிட்ட கிணத்துத் தண்ணிக்கு வம்பிழுத்தான், ஒருத்தன் ஆடு என் கீரைப்பாத்திய மேஞ்சிருச்சு, மூணாவது ஆளோட எதுக்கு மல்லுக்கட்டுனேன்னு எனக்கே மறந்து போச்சு.

வீட்டுக்குள்ளயும் பேச்சு கிடையாது. அதத்தான் சொல்லணும்.

எங்களுக்கு ஒரே மக. என் வீட்டுக்காரிக்கு ஊரு திருவாதவூரு. அங்க அவ அண்ணன், என் மச்சான், விவசாயம் பண்ணிக்கிட்டிருந்தாரு. அவருக்கு ஒரு பையன். எங்க மகளுக்கு முறை மாப்பிள்ளை. பொறந்ததுல இருந்தே இவளுக்கு அவன்னு அண்ணனும் தங்கச்சியும் மனசுக்குள்ள முடிஞ்சு வச்சிருந்தாக. மச்சான் பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கு, சபையில வச்சு, "எம் மகளுக்குச் சாணி அள்ளணும்னு விதியா?"ன்னு கேட்டுட்டேன். மச்சான் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் பினாங்குல கிளார்க்கு வேலை பாத்த மாப்பிள்ளையாப் பாத்துப் புடிச்சேன். நாகப்பட்டினத்துல கப்பலேத்தி விட்டோம். ரெண்டு வருசம் கடிதாசி மாசந் தவறாம வந்துச்சு. அப்புறம் சண்டை அங்கிட்டுப் போயிருச்சு. பினாங்குல குண்டு விழுந்துச்சுன்னாக. கடிதாசி நின்னு போச்சு.

இப்பவே சொல்லிர்றேன், மக பிழைச்சுக் கிடந்தா. சண்டை முடிஞ்சப்புறம்தான் அது தெரிஞ்சுச்சு. நான் சொல்லிக்கிட்டிருக்கிற நாள்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. தினம் தபால்காரன் சைக்கிள் எங்க வீட்டத் தாண்டிப் போகும். என் வீட்டுக்காரி வாசல்ல நிப்பா. போனதும் உள்ள வந்துருவா.

ஒரு நாள் அப்படி உள்ள வந்தவ, "எம் பிள்ளைய நீங்கதான் கடல்ல தூக்கிப் போட்டீக"ன்னா. நானும் சும்மா இருந்திருக்கலாம். "உங்கண்ணன் சாணிக் குழியில போடலன்னு வருத்தமா?"ன்னேன். எந்த வாய்தான் அப்படிப் பேசும்? என் வாய் பேசுச்சு. அன்னைக்கோட சரி. அவ எங்கிட்டப் பேசுறத நிறுத்திட்டா. ஒரு வருசம் ஓடிப் போச்சு.

பேசலன்னா சோறு போடாம இருந்தான்னு நெனச்சுராதீக. அதெல்லாம் நேரத்துக்கு நடக்கும். வீட்டுல ஒரு கருங்கோழி கெடந்துச்சு, அதுகிட்டச் சொல்லுவா. "சோறு ஆறுது", "உப்பு தீந்துபோச்சு", "நாளைக்கு அமாவாசை." நானும் கோழியப் பாத்தே "சரி"ம்பேன். அந்தக் கோழிக்கு மட்டும் வாய் இருந்தா எங்க ரெண்டு பேரையும் காறித் துப்பியிருக்கும். கேக்க இப்பச் சிரிப்பாத்தான் இருக்கு. ஒரு வீட்டுக்குள்ள இருமுனா ரெண்டு பேருக்கும் கேக்குது, ஆனா என்னன்னு கேக்க நாதியில்ல. அத அனுபவிச்சாத்தான் தெரியும்.

இன்ஸ்பெக்டர் எழுதிக் குடுத்த அந்த வார ஞாயித்துக்கிழமை மச்சான் வந்தாரு. சபைய விட்டு எந்திரிச்சுப் போனவரு எங்க வாசல்ல காலு வைக்கிறது அதுக்கப்புறம் அன்னைக்குத்தான். தண்ணி குடிச்சாரு. தங்கச்சிகிட்ட உள்ள போயி ரொம்ப நேரம் பேசிட்டு வெளிய வந்தாரு.

"மாப்ள, தங்கச்சி கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டும். இங்க அதுக்கு மனசு ஒப்பல."

கொஞ்ச நாள்ங்கிறாரு. கொஞ்ச நாளைக்குப் போறவ, கல்யாணத்துக்குக் கொண்டாந்த தகரப்பெட்டியக் கட்டி வைப்பாளா? அம்மி குழவி தவிர அவளோடதுன்னு இருந்தது அம்புட்டும் அந்தப் பெட்டிக்குள்ள போயிருச்சு.

"வர்ற வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு. நீங்களே கொண்டாந்து விட்ருங்க, அதான் மரியாத"ன்னாரு. அது எங்க பக்கத்து வழக்கம். பொம்பள தனியாப் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பிறந்த வீட்டுல போயி இறங்குனா, புருசன் வெரட்டி விட்டுட்டான்னு ஊரு பேசும். கூடப் புருசன் வந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத் திரும்புனா, அது விருந்தாளியா வந்த கணக்கு. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அவளும் அதுக்குத்தான் காத்திருந்தா. நான் கொண்டுபோய் விடாம அவ போக மாட்டா.

"வண்டி லைட்டு எரியல மச்சான். சரியாயிட்டா வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாரேன்"னேன். உள்ள நின்னு அவ கேட்டுக்கிட்டிருந்தா. வளையல் சத்தம் கேட்டுச்சு.

மறுநாள் லைட்டோட பல்பக் கழட்டி எடுத்துக்கிட்டு டவுனுக்கு நடந்தேன். பெரிய பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு பாய் பேட்டரிக் கடை வச்சிருந்தாரு. எனக்குப் பழக்கம். பல்ப ஒரு பேட்டரியில தொட்டுக் காமிச்சாரு. பளிச்சுனு எரிஞ்சுச்சு.

"பல்பு ஜோரா இருக்குண்ணே. சுவிட்சுலதான் மர்மம். பிரேக் பெடலுக்குக் கீழ, பலகையத் தூக்குனா ஒரு வட்டத் தகர டப்பி இருக்கும் பாருங்க, கம்பியில ஒரு ஸ்பிரிங்கு மாட்டி. நீங்க மிதிச்சா அது இழுக்கும், உள்ள செப்புத் தகடு ரெண்டும் ஒட்டும், லைட்டு எரியும். ஒட்டலன்னா எரியாது. இம்புட்டுத்தான்."

"புது சுவிட்சு கெடைக்குமா பாய்?"

"சண்டை முடியட்டும்ணே, அல்லா குடுப்பான்"னு சிரிச்சாரு. "கழட்டித் தொடைச்சுப் பாருங்க. ஒருத்தர பின்னாடி நிக்க வச்சிட்டு மிதிச்சு மிதிச்சுப் பாத்தா தெரிஞ்சு போகும். தன்னால பாக்க முடியாதுல்ல. வீட்டுல ஆள் இருக்குல்ல?"

"இருக்கு"ன்னேன்.

திரும்பி வர்ற வழியெல்லாம் அந்த இருக்குங்கிற வார்த்தைதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்துச்சு.

செவ்வாக்கிழமை காலையில பல்ப மாட்டிட்டு, கோழியப் பாத்துச் சொன்னேன். "பின்னாடி ஒரு ஆள் நின்னு பாத்தாத் தேவல." சொல்லிட்டுப் போயி வண்டியில உக்காந்துக்கிட்டேன். வர மாட்டான்னுதான் நெனச்சேன். கொஞ்ச நேரத்துல கண்ணாடியில சேலை தெரிஞ்சுச்சு. முந்தானையால விளக்குக்கு வெயில் படாம மறைச்சுக்கிட்டுக் குனிஞ்சு நிக்கிறா.

மிதிச்சேன். "எரியுதா?"ன்னேன்.

டொக், டொக். பின்னாடித் தகரத்துல ரெண்டு தட்டு. இல்லன்னு அர்த்தம். வாயத் தொறக்கல, தட்டிட்டா. மறுபடி மிதிச்சேன், மறுபடியும் ரெண்டு தட்டு. இன்னொரு தரம் மிதிச்சேன். சுவிட்சு கெட்டுக் கெடக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே மிதிச்சேன். அவ தட்டுற சத்தம் எனக்குத்தான, வேற யாருக்கும் இல்லையே. அஞ்சாறு தரம் ஆனதும் அடுப்புல என்னமோ காந்துற வாடை வந்து அவ உள்ள போயிட்டா.

காலடிப் பலகையத் தூக்கிட்டுக் கைய விட்டேன். பாய் சொன்ன டப்பி கெடச்சுச்சு. ரெண்டு திருகாணி. கழட்டி மூடியத் தொறந்தா, உள்ள மஞ்சளா, கெட்டியா, ஓடு மாதிரி என்னமோ அப்பியிருக்கு. நகத்தால சுரண்டி மோந்து பாத்தேன். சந்தனம்!

யாரு வச்சா? நான்தான் வச்சேன்.

ஆயுத பூசைக்கு வண்டியக் கழுவி, சக்கரத்துக்கு நாலு, விளக்குக்கு ரெண்டு, ஸ்டியரிங்குல ஒண்ணுன்னு சந்தனம் குங்குமம் வைப்போம், எல்லாரும் செய்றதுதான். அந்த வருசம் அவ சந்தனத்த அரைச்சு ஒரு கிண்ணத்துல கொண்டாந்து கொட்டாய் வாசல்ல வச்சிட்டுப் போயிட்டா. நான் ஒத்தையில பூசை போட்டேன். போடும்போது என்னமோ கிறுக்குப் புடிச்சிருச்சு. ஒரு சாமான் பாக்கி இல்லாம இந்த வண்டியில அம்புட்டுக்கும் பொட்டு வச்சா மககிட்ட இருந்து கடிதாசி வந்துரும்னு மனசுக்குள்ள ஒரு வேண்டுதல். யாருகிட்டயும் சொல்லல. பானெட்டத் தொறந்து ஒவ்வொண்ணுக்கா வச்சேன். பலகையத் தூக்கி அடியில கம்பிக்கு, ஸ்பிரிங்குக்கு, பேரு தெரியாத டப்பிக்கு எல்லாம் வச்சேன். அந்த டப்பியில ஸ்பிரிங்கு போற ஓட்டை இருந்துச்சு போல. தண்ணியா இருந்த சந்தனம் உள்ள இறங்கி, செப்புத் தகட்டுல காஞ்சு உக்காந்துக்கிருச்சு. சாமிக்கு வச்சது சுவிட்ச அடைச்சுப்புடுச்சு. கடிதாசியும் வரல.

அந்த டப்பியக் கையில வச்சுக்கிட்டு அழுதேன். வெக்கமில்லாமத்தான் சொல்றேன். தகடு ரெண்டையும் மண்ணெண்ணெய் போட்டு ஊற வச்சு, துணியில துடைச்சு, பளபளன்னு ஆகுற வரைக்கும் தேய்ச்சேன். திரும்ப மாட்டுனேன். பின்னாடி நின்னு பாக்க அவளக் கூப்பிடணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கோழியும் அந்தப் பக்கம் காணல. சரின்னு ஒரு கட்டைய எடுத்து சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல முட்டுக்குடுத்து இறுக்கிட்டு, நானே இறங்கிப் பின்னாடி போயிப் பாத்தேன்.

எரியுது. செக்கச் செவேல்னு எரியுது.

அடடா, எம்புட்டுச் சந்தோசம்! மாசக்கணக்குல வராத சந்தோசம். நான் தொட்ட ஒரு காரியம் விளங்கியிருக்கு. உள்ள ஓடிப்போயிச் சொல்லணும்னு திரும்புனேன். கதவு தொறந்து கெடந்துச்சு. கூடத்துல அந்தத் தகரப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டி, மேல அவ செருப்பு ஜோடியோட இருந்துச்சு. அப்பத்தான் உறைச்சுச்சு. லைட்டு எரிஞ்சா அவ போயிருவா.

ஒரே ஓட்டமா முன்னாடி போயிக் கட்டைய எத்தித் தள்ளிட்டேன். லைட்டு அணைஞ்சு போச்சு.

புதன்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தேன். சும்மாதான். ஸ்பானரால இங்கிட்டு ஒரு தட்டு, அங்கிட்டு ஒரு தட்டு. "சனியன் புடிச்ச சுவிட்சு"ன்னு சத்தமாத் திட்டுவேன், அவ காதுல விழணும்னு. மத்தியானம் கொட்டாய் வாசல்ல ஒரு செம்பு மோரு இருந்துச்சு. குடிச்சேன். மோரக் குடிச்சிட்டு இன்னும் ரெண்டு தட்டு தட்டுனேன். அம்பது வயசுல இப்படி ஒரு நாடகம்.

வியாழக்கிழமை காலையில அவ கோழிகிட்ட, "நாளைக்கு வெள்ளிக்கிழமை"ன்னா.

இனி வாயால எரியலன்னு சொன்னாப் பத்தாது. அவளே கண்ணால பாத்து, எரியலன்னு அவளே தட்டணும். அப்பத்தான் இந்த வெள்ளிக்கிழமை போகும். அடுத்த நல்ல நாள் எப்பவோ, அதுக்குள்ள என்னமும் நடக்கலாம். ஒரு கடிதாசி வரலாம். நானே கூட வாயத் தொறந்து, நான் சொன்னது தப்புதான்னு சொன்னாலும் சொல்லிருவேன். இப்படியெல்லாம் கணக்குப் போட்டு, பலகையத் தூக்கி, சுவிட்சுல இருந்து வயரக் கழட்டித் தொங்க விட்டுட்டு, பலகைய மூடி வச்சேன்.

"பின்னாடி ஒரு ஆள் வரணும்"னேன்.

வந்தா. அன்னைக்கு மாதிரியே முந்தானைய விரிச்சு மறைச்சுக்கிட்டு நின்னா. நான் மிதிச்சேன்.

"எரியுதா?"

ரெண்டு தட்டு வரும்னு காத்திருந்தேன். வரல.

"எரியுது"ன்னா.

ஒரு வருசத்துக்கப்புறம் அவ நேரா எங்கிட்டப் பேசுன முதல் வார்த்தை. குரல் கொஞ்சம் கட்டியிருந்துச்சு, ஆனா அவ குரல்தான். வயரு என் காலுக்குக் கீழ தொங்கிக்கிட்டிருக்கு. எந்தச் சாமி வந்தாலும் அந்த லைட்டு எரிய வழியில்ல.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாத்தான் எரியுது. காலையில கெளம்பிரலாம்."

சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் பெடல்ல வச்ச கால எடுக்காம அப்படியே உக்காந்திருந்தேன். கோவம் வரணும்ல? வரல. வந்திருந்தா நல்லாருந்திருக்கும். இவளுக்கு இங்க இருந்து போறது எம்புட்டு அவசியமாயிருந்தா, எரியாத லைட்ட எரியுதும்பா? பொய் சொல்லாதடின்னு கேக்க முடியுமா என்னால? உங்களுக்கெப்படித் தெரியும்னு அவ திருப்பிக் கேட்டா என்னத்தச் சொல்ல?

அந்த வயர நான் திரும்ப மாட்டல. வீம்புதான். எரியுதுன்னு சொல்லிட்டால்ல, எரியட்டும்!

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் கெளம்புனோம். பெட்டியப் பின்சீட்டுல வச்சு, பக்கத்துல அவ உக்காந்தா, வாடகைக்கு வந்தவ மாதிரி. கோழிய எங்கிட்டயே விட்டுட்டா. டவுனத் தாண்டி, பாலம் கடந்து, மேலூர் ரோட்டப் புடிச்சேன். மாட்டுத்தாவணிக்கு அன்னைக்குச் சந்தை போல. ரோடு பூராம் மாடு. குறுக்க ஒரு காளை வந்து நின்னுக்கிருச்சு. சடக்குனு பிரேக்க மிதிச்சேன். பின்னாடி வந்த பஸ்ஸு கிறீச்னு கத்திக்கிட்டு வந்து எங்க வண்டிய இடிக்கிற மாதிரி நின்னுச்சு. டிரைவர் தலைய வெளிய நீட்டி, "யோவ், நிறுத்துனா லைட்டு எரிய வேணாமா? பொம்பளய வேற ஏத்தி வச்சிருக்க!"ன்னு கத்துறான். நான் யாருக்கும் பதில் சொல்லாம வந்த ஒரே நாள் அதுதான். கண்ணாடியில பாத்தேன். அவ பெட்டியக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, வெளிய பாத்துக்கிட்டிருந்தா. அதுக்கப்புறம் நிறுத்துறப்ப எல்லாம் கைய வெளிய நீட்டி நீட்டித்தான் ஓட்டுனேன். ஒத்தக்கடை தாண்டி, ஆனைமலை பின்னாடி போயி, ரெண்டு பக்கமும் நாத்து நட்ட வயலு.

திருவாதவூர்ல மச்சான் வீட்டு வாசல்ல நிறுத்துனேன். பெட்டியத் தூக்க ஒருத்தன் வந்தான். நெடுநெடுன்னு, மம்பட்டி புடிச்ச கையோட. "வாங்க மாமா"ன்னான். அவன்தான் அந்தப் பையன். நான் சாணி அள்ளுற வீடுன்னு வேணாம்னு சொன்ன மாப்பிள்ளை. அவன் பொண்டாட்டி இடுப்புல ஒரு கைப்பிள்ளையோட நிலைப்படியில நின்னு சிரிச்சா. என்னால நிமுந்து பாக்க முடியல. மச்சான் நீட்டுன தண்ணியக் குடிச்சேன், வழக்கத்துக்கு. சாப்பிட்டுப் போங்கன்னாரு, வேலை இருக்குன்னேன். என்ன வேலை?

வண்டியில ஏறி உக்காந்தேன். அவ வீட்டுக்குள்ள போயிட்டான்னு நெனச்சா, சுத்திக்கிட்டு என் பக்கம் வந்து நின்னா.

"வயர மாட்டிட்டீகளா?"

நான் காலடிப் பலகையப் பாத்தேன்.

"செவ்வாக்கிழமை கட்டைய முட்டுக்குடுத்துட்டுப் பின்னாடி வந்து நின்னு சிரிச்சீகள்ல. அடுப்படி ஜன்னல்ல இருந்து பாத்தேன். அன்னைக்கே எரிஞ்சுச்சு. நேத்து நீங்க வயரக் கழட்டி விட்டதையும் பாத்தேன், எரியல."

அம்புட்டையும் பாத்திருக்கா. என் பொய்யப் பாத்துட்டு, அதுக்கு மேல அவ ஒரு பொய்ய வச்சுத் தாண்டிப் போயிருக்கா.

"மாட்டல"ன்னேன்.

"அதான் பஸ்ஸுக்காரன் கத்துனான். திரும்பத் தனியாப் போறீக. மாட்டுங்க. நான் பின்னாடி நின்னு பாக்குறேன்."

பலகையத் தூக்குனேன். திருகாணி ரெண்டு தரம் கீழ விழுந்துச்சு. வயர வச்சு இறுக்குனேன். நான் அன்னைக்குப் பேசுனது தப்புன்னு அந்த நேரத்துல சொல்லியிருக்கலாம். என்னைத் தவிர யாரா இருந்தாலும் சொல்லியிருப்பான். நான் மிதிச்சேன்.

"எரியுதா?"

"எரியுது"ன்னா. "போயிட்டு வாங்க."

வண்டிய எடுத்தேன். தெருவுல ஆள் இல்ல, மாடு இல்ல, குறுக்க ஒரு கோழி கூட இல்ல. முக்குல திரும்புறதுக்கு முந்தி, ஒரு காரணமும் இல்லாம பிரேக்க மிதிச்சேன். ஒரு தரம். மறுபடி ஒரு தரம். கண்ணாடியில பாத்தா வண்டி கிளப்புன புழுதிதான் தெரிஞ்சுச்சு. அவ நின்னு பாத்தாளா, உள்ள போயிட்டாளான்னு எனக்குத் தெரியல.